இரண்டு முறை விடிந்த வெள்ளிக்கிழமை: சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை

புதன் இரவு, ஈசூன்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 15,349 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போகும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே நீளமானது இதுதான். நாளை இரவு அதில் அம்மாவை அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு வயது 82. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் என் மகளுக்கு நவம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. கொள்ளுப்பேரனைக் கைபேசியில் பார்த்தது போதும், மடியில் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

பயணம் முடிவானதும் தெரிந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" அடுத்தது, "அவ்வளவு நேரம் அம்மா தாங்குவாங்களா?" வயதான பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைத்துப்போக நினைத்துத் தயங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே அன்றன்று நடப்பதை அன்றன்றே எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்வி வேறு மாதிரி. "சென்னைக்கு நாலு மணி நேரம் தம்பி. இது அதைவிட எத்தனை மடங்கு தூரம்?" சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம் என்றேன். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது. அதற்கு மேல் போனால் மறுபக்கமாக நெருங்க ஆரம்பித்துவிடுவோம். சிங்கப்பூருக்கு நேர் எதிரே, உருண்டையின் அந்தப் பக்கத்தில் இருப்பது ஈக்வடார் நாட்டுக் காடு. நாம் போவது அந்த உச்சபட்சத் தூரத்தில் முக்கால் பங்கு.

மகள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது வாங்கிய பூகோள உருண்டை இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. தூசு தட்டி எடுத்தேன். அம்மா பூக் கட்டும் நூலில் ஒரு முழம் அறுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து விறைப்பாக இழுத்தேன். நூல் பசிபிக் பக்கமும் போகவில்லை, ஐரோப்பா பக்கமும் போகவில்லை. நேராக வடக்கே ஏறியது. கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, பிறகு வட துருவத்தை ஒட்டிப் போய், அந்தப் பக்கம் கனடா வழியாக இறங்கி நியூயார்க்.

காரணம் இதுதான். சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில். நியூயார்க் மேற்கு 74இல். கூட்டினால் 178. முழுக்க எதிர்ப்பக்கம் என்பதற்கு 180 வேண்டும், இரண்டுதான் குறைகிறது. அதனால் துருவத்தை ஒட்டிப் போவதே குறுக்குவழி. கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4. மொத்தம் 138. பூமியின் மேற்பரப்பில் பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 15,346! ஒரு முழம் பூ நூலும் ஒரு பெருக்கல் கணக்கும் அட்டவணைக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து விட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஆனால் எங்கள் விமானம் அந்த நூல்மீது பறக்கப்போவதில்லை. அதுதான் இந்தப் பயணத்தில் நான் கண்ணால் பார்க்க ஆசைப்படும் விஷயம்.

வியாழன் இரவு, சாங்கி மூன்றாம் முனையம்

பெட்டிகளை அனுப்பியாகிவிட்டது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி முன்பே சொல்லி வைத்திருந்தோம், வாசலிலேயே காத்திருந்தது. இன்னும் நேரம் இருப்பதால் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

ஒரு பெரிய விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் 15,349 கிலோமீட்டருக்கு 17 மணி நேரம். அட்டவணையோ பதினெட்டரைக்கு மேல் சொல்கிறது. மிச்ச ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலானது எங்கே போகிறது? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல மேலே ஏறுவது, கடைசியில் வரிசையில் காத்திருந்து இறங்குவது என்று கொஞ்சம். மீதியெல்லாம் சுற்றுவழி.

இந்த வழித்தடம் ஒரு முறை தோற்றுப்போய் மறுபடி எழுந்தது. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. நெவார்க் நியூயார்க் பெருநகரின் மேற்குப் பக்க விமான நிலையம். இங்கிருந்து 15,344 கிலோமீட்டர், கென்னடியைவிட 5 கிலோமீட்டர்தான் குறைவு. அப்போது பறந்தது ஏர்பஸ் ஏ340-500, நான்கு இயந்திரம் கொண்டது. இவ்வளவு தூரத்துக்கு நான்கு இயந்திரத்துக்கும் எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. 2008இல் மொத்த விமானத்தையும் 100 பிசினஸ் இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்காமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ஏ350-900யுஎல்ஆர் விமானம் கைக்கு வந்தபின் 2018 அக்டோபர் 11 அன்று நெவார்க் சேவை மீண்டும் தொடங்கியது. கென்னடிக்கான சேவை தொடங்கியது 2020 நவம்பர் 9 அன்று, கொள்ளைநோய்க் காலத்தின் நடுவே.

இந்த வகை விமானம் உலகத்தில் ஏழுதான் இருக்கிறது. ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஏ350தான். வித்தியாசம் எரிபொருள் அமைப்பில். வழக்கமான ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் பிடிக்கும், இது 1,65,000 லிட்டர். தொட்டி நிறைந்தால் எண்ணெய் மட்டும் ஏறத்தாழ 130 டன். கிளம்பும்போது விமானம் மொத்தமே 280 டன்னுக்குள் இருக்க வேண்டும். அதாவது தூக்கிக்கொண்டு போகும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது எண்ணெய். போகும் வழியில் எரிக்கப்போகும் எண்ணெயைச் சுமந்து போகவே அதில் ஒரு பங்கு எண்ணெய் செலவாகும். இந்தக் கணக்குக்காகத்தான் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தம் 161 இருக்கை. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். எகானமி டிக்கெட்தான் எடுக்க முடியும் என்றால் பிராங்க்பர்ட் வழியாகப் போகும் விமானம் இருக்கிறது, அதுவும் கென்னடிக்கே போகிறது. என் தங்கையும் நானும் பணம் போட்டு பிரீமியம் எகானமியில் இரண்டு இடம் எடுத்தோம். அம்மாவுக்காக இல்லாவிட்டால் எடுத்திருக்க மாட்டேன்.

கைப்பையில் நான் மிகப் பத்திரமாக வைத்திருப்பது பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி ஒரு தாள். பாலிகிளினிக் டாக்டர் எழுதிக்கொடுத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. எந்த மாத்திரை எப்போது என்று முழுக்கச் சிங்கப்பூர் மணியில் போட்டிருக்கிறார். விமானத்தில் உள்ளூர் மணி பார்க்காதே, நியூயார்க் போய் ஒரு வேளை சாப்பாடு ஆனபிறகு அந்த ஊர் நேரத்துக்கு இப்படி மாறு என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார். கால் வீங்காமல் இருக்க இறுக்கமான காலுறையும் அவர் சொன்னதுதான். நீண்ட பயணத்துக்கு முன் தங்கள் டாக்டரைப் பார்த்து இப்படி ஒரு தாள் வாங்காமல் யாரும் கிளம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் மாத்திரை வேறு, கணக்கும் வேறு.

அழைக்கிறார்கள். போகிறோம்.

வெள்ளி, பசிபிக் பெருங்கடலுக்கு மேலே

நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். சாப்பாடு வந்தது, விளக்கை அணைத்தார்கள், அம்மா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னிருக்கைத் திரையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நூல் காட்டிய வழி நேர் வடக்கு. விமானமோ வடகிழக்கே திரும்பியது. தென்சீனக் கடல், தைவான், ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக். மொத்தம் கடக்கவேண்டிய தூரம் 16,600 கிலோமீட்டரைத் தாண்டியது. நேர்வழியைவிட ஆயிரத்துக்கும் மேல் கூடுதல். ஏன் இந்தச் சுற்று?

ஒரு காரணம் வான்வெளி. நூல் போன பாதையில் பெரும்பகுதி சைபீரியா. 2022க்குப் பிறகு ரஷ்யாவின் மேலே பறப்பதைப் பல நிறுவனங்கள் விட்டுவிட்டன. ஆனால் வான்வெளி திறந்தே இருந்தாலும் சனவரி மாதத்தில் இந்த வழி லாபம்தான், காரணம் காற்று. ஜப்பானுக்கு அருகிலிருந்து வட பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா வரை, விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். சில நாட்களில் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம்கூட உண்டு. ஆற்றோடு போகும் ஓடம் மாதிரி அதில் ஏறிக்கொண்டால் சுற்றுவழியும் குறுக்குவழியாகிவிடும். ஜப்பானைத் தாண்டியபின் திரையில் தரைவேகம் 1,100ஐத் தொட்டதை நானே பார்த்தேன். காற்றில்லாத இடத்தில் அது 900தான்.

ஆகையால் இரண்டு ஊருக்கு நடுவே இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வது பூமியின் கணக்கு மட்டுமே. பயணிக்கு வேண்டியது காற்றின் கணக்கும், எந்த வானம் திறந்திருக்கிறது என்ற கணக்கும். இந்த விமானத்தின் வழி அன்றன்றைய காற்றைப் பார்த்து அன்றன்று முடிவாகிறது. நேற்று போன பாதையில் இன்று போகவேண்டும் என்பதில்லை.

உயரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பியபோது எடை அதிகம், அதனால் 31,000 அடியில் பறந்தோம். எண்ணெய் எரிய எரிய 35,000, பிறகு 39,000 என்று படிப்படியாக ஏறுகிறது. முன்னே நான்கு விமானிகள், முறைவைத்து ஓய்வெடுத்து ஓட்டுகிறார்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிளம்பி நான்கு மணி நேரம் இருக்கும், ஜப்பானுக்குத் தெற்கே சன்னல் ஓரம் சிவந்து பொழுது விடிந்தது. வெள்ளிக்கிழமைக் காலை. அம்மா விழித்து, முகம் துடைத்து, விபூதி இட்டுக்கொண்டு, சன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் கிழக்கே போகிறோம், சூரியன் மேற்கே போகிறது. எதிரெதிரே போனால் சந்திப்பும் பிரிவும் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து மணி நேரத்தில் பகல் முழுக்கத் தீர்ந்தது. இடையே பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டினோம். அதைத் தாண்டியதும் தேதி ஒரு நாள் பின்னால் போகும், அதாவது வெள்ளி மறுபடி வியாழன் ஆகிவிட்டது. அலாஸ்காவுக்குத் தெற்கே நாங்கள் பார்த்த சூரிய அஸ்தமனம் வியாழக்கிழமை மாலையுடையது!

அம்மாவுக்கு இது வேடிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை அவர் கவிச்சி தொடமாட்டார். "இப்ப வெள்ளியா, வியாழனா?" என்று தீவிரமாகக் கேட்டார். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு வெள்ளி வருதுன்னா ரெண்டுக்கும் இருந்துட்டாப் போச்சு. நடுவுல உள்ள வியாழனையும் சேர்த்துக்குவோம்" என்றார். சைவச் சாப்பாடாக முன்பே பதிந்து வைத்திருந்ததால் சிக்கல் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவை எழுப்பி நடைபாதையில் நடக்க வைத்தேன். பின்பக்கச் சமையலறை வரை போய், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு பாதத்தை ஊன்றி ஊன்றி எடுப்பார், திரும்பி வருவார். பணியாளர்கள் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல வைக்கப்பட்டிருக்கிறது. கிட்டத்தட்ட கொடைக்கானலுக்கும் கீழே. பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். அம்மாவுக்குத் தலைவலி வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு நடையின்போது அம்மா தானாகவே ரஜூலா கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1962இல் கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் ஏறியவர். அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் போய், அலையில் படகு மேலே வரும் சமயம் பார்த்து ஏணியைப் பிடித்து ஏறவேண்டும். அப்பா மேலே நின்று கைகொடுத்தாராம். பிறகு தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து ஏறத்தாழ ஒரு வாரம். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இன்றைய போர்ட் கிளாங்), பிறகு சிங்கப்பூர். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். 1973 வரை எத்தனை ஆயிரம் குடும்பங்களை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஏற்றி இறக்கியது! அதற்கடுத்து வந்த சிதம்பரம் என்ற கப்பல் 1985இல் தீவிபத்துக்கு ஆளானபின் கப்பல் பயணம் என்பதே நம் குடும்பங்களில் பழங்கதையாகிவிட்டது.

"அந்த ஒரு வாரத்துல எல்லார்கிட்டயும் பேசி, யாரு எந்த ஊரு, யாரு எங்க வேலைக்குப் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இங்க பக்கத்துல இருக்கறவர் பேருகூடத் தெரியல" என்றார் அம்மா. நியாயமான பேச்சு. எங்கள் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு ஜப்பானிலிருந்தே தூங்குகிறார்.

வெள்ளி, மறுபடியும். குவீன்ஸ்

இரவாகவே கனடாவைக் கடந்தோம். கென்னடியில் சக்கரம் தரையைத் தொட்டபோது இன்னும் முழுதாக விடியவில்லை. குடிநுழைவு முடித்து வெளியே வருவதற்குள் சூரியன் வந்துவிட்டது. ஆக ஒரே வெள்ளிக்கிழமைக்கு இரண்டு விடியல்.

குளிர் மூக்கைக் கடித்தது. மருமகன் காருக்குள் கம்பளி வைத்திருந்தார். ஈசூன் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டு வாசலை மிதித்தது வரை ஏறத்தாழ ஒரு முழு நாள். யாராவது எவ்வளவு நேரம் என்று கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன். வயதானவர் உட்கார்ந்திருக்க வேண்டியது வானத்தில் மட்டுமா?

"அப்பாயி, முதல்ல உக்காருங்க" என்று மகள் சொல்லச் சொல்ல, அம்மா கையைக் கழுவிக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போய்விட்டார். மற்றதெல்லாம் எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

ஞாயிறு, ஃபிளஷிங்

சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னே. சூரியனை வைத்துப் பார்த்தால் 178 பாகைக்கு 12 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவுதான் வரவேண்டும். மீதி ஒரு மணி நேரம் நாமாக வைத்துக்கொண்டது. சிங்கப்பூர் 1982 சனவரி 1இல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னே என்று ஆக்கிக்கொண்டது. நம் தீர்க்கரேகைக்கு உரியது 7 மணி நேரம்தான். அதனால்தான் சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது.

இந்த 13 மணி நேரத்தை உடம்பு எப்படித் தாங்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். நடந்தது வேறு. இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு, அவர் உடம்புக்கு அது மாலை மூன்று மணி. அதே நேரம் குழந்தையும் விழித்துக்கொண்டு அழுகிறான். இரண்டு மாதமாகத் தூக்கமில்லாத என் மகளைப் படுக்கச் சொல்லிவிட்டு, அம்மா அவனைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டு விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிறார். பகலில் இருவரும் தூங்குகிறார்கள். மகள் முகத்தில் இரண்டே இரவில் தெளிச்சி. அம்மாவின் உடம்பு சீக்கிரம் இந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிடப் போகிறதே என்று இப்போது எல்லோருக்கும் கவலை.

மதியம் ஃபிளஷிங் பவுன் தெருவில் இருக்கும் மகா வல்லப கணபதி கோயிலுக்குப் போனோம். 1977இல் குடமுழுக்கு கண்ட கோயில், வட அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பியது. சாதாரணக் குடியிருப்புத் தெரு, பனி ஒதுக்கிக் குவித்த நடைபாதை, நடுவில் கோபுரம். அடித்தளத்து உணவகத்தில் தோசைக்கு வரிசை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மையார் தஞ்சாவூர்ப் பக்கம். அம்மாவும் அவரும் தோசை வருவதற்குள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு முடித்துவிட்டார்கள். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் விமானத்தில் கிடைக்காதது இங்கே பத்து நிமிடத்தில் கிடைத்தது.

பொங்கலன்று, குவீன்ஸ்

சிங்கப்பூரில் தங்கை பொங்கல் வைத்துப் படம் அனுப்பியபோது எங்களுக்கு முந்தைய நாள் மாலை. மின்சார அடுப்பில்தான் பொங்கியது, ஆனாலும் பொங்கியது. அம்மா குழந்தையின் காதருகே "பொங்கலோ பொங்கல்" என்றார்.

சனி இரவு, கென்னடி விமான நிலையம்

கிளம்பும் நேரம். மகள் அழுதாள், அம்மா அழவில்லை.

திரும்பும் வழியைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். வந்த வழியே பசிபிக் மேலே திரும்பிப் போனால் அந்தக் காற்றாறு எதிர்க்காற்று ஆகிவிடும். உதவிய அத்தனை கிலோமீட்டரும் அப்போது தடுக்கும். அதனால் விமானம் திரும்பிப் போகவில்லை, தொடர்ந்து கிழக்கே போகப்போகிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, மத்திய ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா. இந்த வழியும் 16,000 கிலோமீட்டருக்கு மேல். நேரம் ஏறக்குறைய வந்த அளவே. வந்ததும் கிழக்கே, போவதும் கிழக்கே. அப்படியென்றால் வீடு போய்ச் சேரும்போது அம்மா இந்தப் பூமியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருப்பார்.

சொன்னேன். "உலகத்தையா?" என்றார். "உலகத்தைத்தான்மா." பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். 

திங்கள் காலை, ஈசூன்

ஐரோப்பாவை நெருங்கும்போது விடிந்து, காஸ்பியன் கடலருகே இருட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்கு வானத்தில் கிடைத்த பகலும் ஐந்து மணி நேரம் போலத்தான். அம்மா பெரும்பாலும் தூங்கினார். இடையிடையே நடந்தார். கால் வீங்கவில்லை.

இந்தியா மேலே வந்ததும் எழுப்பினேன், எழுப்பச் சொல்லியிருந்தார். திரையில் நம் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாக்பூர், விசாகப்பட்டினம், வலப்பக்கம் தள்ளிச் சென்னை. கீழே அங்கங்கே விளக்குப் புள்ளிகள், பிறகு கரை முடிந்து ஒரே கருப்பு. "இதுதான் நீங்க கப்பல்ல வந்த கடல்" என்றேன். அம்மா சன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியாதுதான், ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். மறுகரை வரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு மலாக்கா நீரிணை, ஜோகூர் விளக்குகள், சாங்கி.

கணக்கை முடித்துவிடுகிறேன். கிழக்கு நோக்கி உலகைச் சுற்றி வருகிறவர் ஊரில் இருப்பவர்களைவிட ஒரு விடியல் அதிகம் பார்ப்பார். எங்களுக்கு அது அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமையில் கிடைத்தது.

என்னைக் கேட்டால், வயதானவர்களோடு போகிறவர்கள் பணம் அனுமதித்தால் இடைநில்லா விமானத்தையே எடுங்கள். நடுவில் இறங்கி, சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, பையை மறுபடி சோதனைக்குக் கொடுத்து, மறுபடி ஏறுவது எண்பது வயதுக்குப் பெரிய அலைச்சல். நேரமும் நான்கைந்து மணியாவது கூடும். அதே சமயம் இரத்தம் உறைவது, இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால், தொடர்ந்து இவ்வளவு நேரம் உட்காரலாமா என்று டாக்டர் சொல்லும் சொல்லுக்கே முதலிடம். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள், சன்னல் ஆசையை எழுந்து நிற்கும்போது தீர்த்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். ஊர் போய்ச் சேரும் நேரம் அங்கே பகலா இரவா, சாப்பாடு எந்த வேளையில் விழுகிறது, மாத்திரை எந்த வேளையில் விழுகிறது என்று பாருங்கள்.

அம்மா இப்போது கூடத்தில் உட்கார்ந்து தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஜூனில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தான் மறுபடி போகப்போவதாக அறிவித்துவிட்டார். அப்போது நியூயார்க்கில் கோடை நேரம், வித்தியாசம் சரியாக 12 மணி. சுவர்க் கடிகாரமும் அவர் கைக்கடிகாரமும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி காட்டும், முள்ளைத் திருப்ப வேண்டியதே இல்லை.